அப்பாவை ஏணியில் ஏற விடாதீங்க: மாடி மழைக்குழாயைச் சுத்தம் செய்வது ஏன் சின்ன வேலை இல்லை?

“தம்பி, பின்கட்டுல ஒழுகுதுடா. சீட்டுக்கு ஓரமா தண்ணி போற தகரத்துல இலை அடைச்சிருக்கும்போல. நான் ஏறிப் பாத்துடறேன்.”

“வேணாம்பா. ஆள் வெச்சுப் பண்ணிக்கலாம்.”

“இதுக்கெல்லாம் ஆளா? அரை மணி நேர வேலைடா!”

ஐப்பசி பிறக்கும் நேரத்தில் விருத்தாசலத்துக்கும் சென்னைக்கும் நடுவில், விருத்தாசலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவில், இந்த போன் பேச்சு எத்தனையோ வீடுகளில் நடக்கும். பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருப்பாங்க. அறுபதைத் தாண்டிய அப்பா, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏணியைச் சுவரில் சாய்ப்பார். ஏணியைப் பிடிச்சுக்க ஆள் இருக்காது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அதனாலேயே அடுத்த வருஷமும் ஏறுவார்.

மழைக்குழாய் அடைப்பு எடுக்கிறது வீட்டு வேலைகளிலேயே ரொம்பச் சாதாரணமானது என்ற நினைப்புதான் இங்கே உண்மையான ஆபத்து. இந்த வேலையைச் செய்யாமல் விட்டாலும் ஆபத்து, செய்யக்கூடாத ஆள் செய்யக்கூடாத விதத்தில் செய்தாலும் ஆபத்து. ஆகவே “பைப்பைச் சுத்தம் பண்ணுங்க” என்று சொல்வது மட்டும் போதாது. யார் செய்யணும், எப்போ செய்யணும், எதை வீட்டில் இருப்பவர்கள் தொடவே கூடாது என்பதையும் சேர்த்துப் பேசியாக வேண்டும்.

ஏன் விருத்தாசலம்?

கடலூர் மாவட்டத்துக்கு மழையைப் பற்றி யாரும் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல், 2015 நவம்பர் பெருவெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் என்று இந்த வட்டாரம் பார்த்தது அதிகம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது. அதுவும் சீராக வராது. சில நாட்களில் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும்.

விருத்தாசலத்துக்கு இன்னொரு அடையாளம் பீங்கான். செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு கல்லூரி, அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள் என்று மண்ணை நம்பி வாழும் ஊர். மண் வேலை தெரிஞ்சவங்களுக்குத் தண்ணியின் குணம் தெரியும். பச்சை மண்ணில் தண்ணி நின்றால் கரைக்கும். சுட்ட மண்ணிலும், மேலே கண்ணாடி மெருகு இல்லாவிட்டால், மெல்ல உள்ளே இறங்கும். மாடியில் பதித்த தட்டோடும் சுட்ட மண்தான். அதன் இணைப்பில் ஒரு விரிசல் போதும், தண்ணி வழி கண்டுபிடித்துவிடும்.

பட்டறை ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மண் அரைக்கும் இடத்தில் காற்றில் பறக்கும் நுண்தூள் அக்கம்பக்கத்துக் கூரைகளில் படியும். வேப்பிலையோடு இந்தத் தூளும் சேர்ந்து முதல் மழையில் குழம்பாகி, குழாய் வளைவில் போய் உட்கார்ந்து காய்ந்தால், இலையைப் போலக் கையால் அள்ள முடியாது. பட்டறைகளும் பல வீடுகளின் பின்கட்டும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக் கூரைகள் என்பது அடுத்த சிக்கல். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு குழாய் அடைத்தால் என்ன ஆகிவிடும்?

கணக்கு ரொம்ப எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணி. 1,000 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 930 லிட்டர். ஒரே நாளில் 12 சென்டிமீட்டரைத் தொட்டால் வானிலை ஆய்வு மையம் அதை ‘மிக கனமழை’ என்கிறது. அந்த ஒரு நாளில் உங்கள் மாடியில் மட்டும் 11,000 லிட்டருக்கு மேல் விழும். கிட்டத்தட்ட ஒரு பெரிய தண்ணி லாரி.

இப்போது குழாய் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் கைப்பிடிச் சுவர். தண்ணி எங்கே போகும்? அங்கேயே நிற்கும். பத்து சென்டிமீட்டர் உயரம், அதாவது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றால், 1,000 சதுர அடியில் அதன் எடை 9 டன்னைத் தாண்டும். இரண்டு யானைகளை மாடியில் கொண்டுபோய் நிறுத்தின மாதிரி. ஆள் நடமாடும் மாடி, தன் சொந்த எடைக்கு மேல், சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமையைத் தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் கணக்கு. 15 சென்டிமீட்டர் தண்ணி நின்றாலே அந்த அளவு முழுசாகத் தீர்ந்துபோகும். அதுவும் முறையாகக் கட்டிய கட்டடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. முப்பது வருஷம் ஒழுகி, கம்பி துருப்பிடித்த கூரைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

துரு என்பது வெறும் நிறம் மாறுவது இல்லை. இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்பும். கான்கிரீட்டுக்கு உள்ளேயிருந்து அது தள்ளும். முதலில் கூரை உட்புறத்தில் மஞ்சள் கறை, அப்புறம் மயிர்க்கோடு மாதிரி விரிசல், அப்புறம் பாளம் பாளமாகப் பூச்சு உதிர்தல். ‘வீடு பழசாயிடுச்சு’ என்று நாம் சொல்வதில் பாதிக்குக் காரணம் வயசு இல்லை, வடியாத தண்ணி.

கொசு தனிக்கதை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. மாடியிலும் சன்ஷேடிலும் தகரத்திலும் தேங்கும் தெளிந்த மழைத்தண்ணியே அதற்குப் போதும். முட்டை கொசுவாகச் சுமார் ஏழு முதல் பத்து நாள். தண்ணி வற்றிவிட்டாலும் முட்டை பல மாதம் காய்ந்தே கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தண்ணியைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்கிய இடத்தைத் தேய்த்துக் கழுவணும்.

எத்தனை குழாய் இருக்கணும்?

மணிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால், ஒரு நான்கு இன்ச் குழாய் ஏறக்குறைய 460 சதுர அடி கூரைத் தண்ணியைத்தான் சமாளிக்கும் என்கிறது கட்டடத் துறையில் பின்பற்றப்படும் அட்டவணை. அதன்படி 1,000 சதுர அடிக்கு இரண்டுக்கு மேல் வேண்டும். மூன்று இன்ச் குழாய் என்றால் கொள்ளளவு அதில் பாதிக்கும் குறைவு.

நம்ம ஊர் வீடுகளில் நிலைமை என்ன? செலவைக் குறைக்க இரண்டு குழாய், சில வீடுகளில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றின் வாயிலும் ஒரு தட்டை ஜாலி. நாலு வேப்பிலை விழுந்தால் ஜாலி மூடிவிடும். இரண்டு குழாய் இருக்கும் வீட்டில் ஒன்று அடைத்தால் பாதித் திறன் போச்சு. புயல் மழைக்குக் கூடுதல் கையிருப்பு என்று எதுவும் இல்லை.

இரண்டு சின்ன மாற்றங்கள் இதற்குப் பெரிய பலன் தரும். தட்டை ஜாலிக்குப் பதில் குமிழ் மாதிரி மேலே எழும்பி நிற்கும் ஜாலி போடுங்க. அடியில் இலை சேர்ந்தாலும் மேல்பக்கம் வழியாகத் தண்ணி இறங்கும். அடுத்தது, கைப்பிடிச் சுவரில் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு அவசரத் தூம்பு. குழாய் அடைத்தால் தண்ணி அதன் வழியே வெளியே கொட்டும். தெருவில் போகிறவர் பார்த்து, “உங்க மாடியில தண்ணி ஊத்துது” என்று கதவைத் தட்டுவார். கூரை ஒழுகிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது?

படிக்கட்டு உள்ள, நல்ல கைப்பிடிச் சுவர் உள்ள கான்கிரீட் மாடி என்றால் இதை வீட்டிலேயே செய்யலாம். மழை பெய்யாத, வெயில் ஏறாத காலை நேரம் நல்லது. பாசி பிடித்த தரையில் முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு நடங்க. ரப்பர் செருப்பு வழுக்கும்.

முதல் வேலை அள்ளுவது. இலை, மண், பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் கையுறை போட்டு அள்ளிச் சாக்கில் போடணும். வெறும் கையை விடக்கூடாது. ஈரமான சருகுக்குள் தேள் இருக்கலாம். குழாய் வாயில் குளவி கூடு கட்டியிருந்தால் தள்ளி நின்று, அதற்குத் தெரிந்த ஆளைக் கூப்பிடுவதுதான் சரி.

பலரும் செய்யும் தப்பு, ஓஸ் பைப்பைத் திறந்து குப்பையை அப்படியே குழாய்க்குள் தள்ளிவிடுவது. மாடி சுத்தமாகிவிடும், அடைப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடும்.

அள்ளி முடித்ததும் ஒரு வாளி தண்ணியை ஒவ்வொரு குழாய் வாயிலும் ஊற்றிப் பாருங்க. கீழே ஒருத்தர் நிற்கணும். ஊற்றிய தண்ணி உடனே, முழு வேகத்தில் கீழே வந்தால் சரி. சொட்டுச் சொட்டாக வந்தாலோ, மேலே எதிர்த்து நின்றாலோ உள்ளே அடைப்பு. பெரும்பாலும் அது மேல் எல்போவிலோ, கீழே தரையோரம் திரும்பும் பெண்டிலோதான் இருக்கும். கீழ் பெண்டில் திறக்கும் மூடி வைத்திருந்தால் அதைக் கழற்றி, அடியிலிருந்து குப்பையை வெளியே எடுக்கலாம். மூடி இல்லாவிட்டால் அடுத்த முறை பிளம்பர் வரும்போது ஒன்று போடச் சொல்லுங்க. சின்னச் செலவு, பல வருஷத்துக்கு நிம்மதி.

கம்பியை விட்டுக் குத்தாதீங்க. பல வருஷம் வெயிலில் காய்ந்த பிவிசி குழாய் ஓடு மாதிரி நொறுங்கும். சிமெண்ட் பூசி இணைத்த பழைய மண் குழாய் இருக்கும் வீடுகளில் ஒரே குத்தில் இணைப்பு விட்டுப்போய், தண்ணி சுவருக்குள் இறங்கும். ஆசிட் ஊற்றுவதும் வேண்டாம். இலைக்கும் மண்ணுக்கும் அது பயன்படாது. கீழே நிற்பவர் முகத்தில் தெறித்தால் விபரீதம். பிளம்பர்கள் வைத்திருக்கும் வளையும் ஸ்பிரிங் கம்பிதான் இதற்குச் சரியான கருவி.

கடைசியாக, குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்புகளையும் ஒரு பார்வை பாருங்க. ஒன்று கழன்று தொங்கினால் குழாயின் எடை முழுசும் அடுத்த கிளாம்புக்குப் போகும். புயல் காற்றில் முதலில் விழுவது அதுதான்.

எதைத் தொடவே கூடாது?

நான்கு இடங்கள். இதில் சமாதானத்துக்கே இடமில்லை.

முதலாவது, சீட்டுக் கூரை. ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு ஆள் எடையைத் தாங்க என்று செய்யப்பட்டதில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து வருஷாவருஷம் இன்னும் நொய்ந்துபோகும். மேலே பாசியும் பெயிண்டும் விரிசலை மறைத்துவிடும். “ஆணி அடிச்ச வரிசையில கால் வெச்சா உடையாது” என்று பட்டறைகளில் சொல்வாங்க. கால் வழுக்கினால் அந்த வரிசையைப் பார்த்தா விழுவோம்? வெளிச்சத்துக்காக நடுவில் போடும் பிளாஸ்டிக் சீட்டு இன்னும் மோசம். அழுக்கு படிந்தபின் அதுவும் மற்ற சீட்டு மாதிரியே தெரியும். சீட்டின் ஓரத் தகரத்தைக் கீழேயிருந்து, உறுதியான மேடை போட்டு நின்று சுத்தம் செய்வதுதான் வழி. மேலே ஏறித்தான் ஆகணும் என்றால், சட்டங்களின் மேல் குறுக்கே பலகை போட்டு, விழாமல் தடுக்கும் ஏற்பாடோடு வேலை தெரிந்தவர்தான் ஏறணும். காய்ந்த ஆஸ்பெஸ்டாஸைத் துடைப்பத்தால் பரபரவென்று தேய்ப்பதும் தப்பு. அதன் நார்த்தூள் நுரையீரலுக்குப் பகை. நனைத்த பிறகே தொடணும்.

இரண்டாவது, சன்ஷேடு. ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பலகை மழையையும் வெயிலையும் மறைக்கத்தான். ஆள் நிற்க இல்லை. அதன் கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கு என்று வெளியே தெரியாது. பெயிண்ட் அடிப்பவரும் கேபிள் இழுப்பவரும் அதில் நின்று வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து, அது பாதுகாப்பானது என்று நமக்கே தோன்றிவிட்டது. ஜன்னல் வழியாகவோ மாடியிலிருந்தோ நீளக் குச்சி கட்டிய துடைப்பத்தால் தள்ளிவிட முடிந்ததை மட்டும் தள்ளுங்க.

மூன்றாவது, மின்கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் எதுவும். கம்பத்தின் உச்சியில் வெள்ளைப் பீங்கான் ஏன் இருக்கிறது என்று விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பீங்கான் மின்சாரத்தைத் தடுக்கும். அலுமினிய ஏணி தடுக்காது. ஈரமான மூங்கிலும் தடுக்காது. உயர் அழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, ரொம்பக் கிட்டே போனாலே மின்சாரம் தாவும். வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் சன்ஷேடை உரசிக்கொண்டு போனால், வேலையைத் தொடங்கும் முன் மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்க. மின்னகம் எண் 94987 94987.

நான்காவது, மூடிய குழிகள். பல வீடுகளில் மழைக்குழாயைச் சுலபத்துக்காகச் செப்டிக் டேங்கோடு இணைத்துவிடுகிறார்கள். மழை வந்தால் டேங்க் பொங்குகிறது. அப்போது “உள்ளே இறங்கிப் பாருப்பா” என்று ஒருவரை அனுப்புவது அவரை விஷவாயுவுக்குள் தள்ளுவது. பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்து, தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. மழைத்தண்ணியை அங்கே விடாமல் இருப்பதே முதல் தீர்வு.

ஏணி போட்டே ஆகணும் என்றால்?

ஏணியின் கால் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கணும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: உயரம் நாலு அடிக்கு ஒரு அடி. பன்னிரண்டு அடி உயரத்தில் சாய்த்தால் கால் மூன்று அடி வெளியே. அதைவிட நெருக்கினால் ஏணி பின்னால் சாயும், அதைவிடத் தள்ளினால் கால் வழுக்கும். ஏறி இறங்கும் இடத்துக்கு மேலே ஏணி மூன்று அடியாவது நீட்டிக்கொண்டிருக்கணும், அப்போதுதான் பிடித்துக்கொண்டு இறங்க முடியும். இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும், எப்போதும் ஏணியில் இருக்கணும். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்கணும், செல்போன் பார்த்துக்கொண்டு அல்ல. எட்டாத இடத்துக்கு எக்கக்கூடாது. இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறணும். விழுவதில் பெரும்பகுதி இந்த ‘இன்னும் கொஞ்சம் எக்கினா எட்டிடும்’ என்ற நொடியில்தான்.

சேஃப்டி பெல்ட் போட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. பெல்ட்டை எதில் கட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிவிசி குழாயிலோ, டிஷ் ஆண்டெனா கம்பியிலோ, விரிசல் விட்ட கைப்பிடிச் சுவரிலோ கட்டிய பெல்ட், விழுகிறவரோடு சேர்ந்து அதையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாலை விபத்துக்கு அடுத்தபடி, எதிர்பாராத காயங்களால் வரும் மரணத்துக்கு இதுதான் பெரிய காரணம். அப்படி இறப்பவர்களில் அதிகம் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். மூட்டுவலி, இரத்த அழுத்த மாத்திரை, கண்புரை இவற்றோடு ஏணியில் நிற்கும் அப்பாவை, ‘அவருக்கு நல்ல பழக்கம்’ என்று விட்டுவிட முடியாது. பழக்கம் இருக்கும், ஆனால் உடம்பு பழைய உடம்பு இல்லையே.

ஆளை வைத்தால் பொறுப்பு முடிந்ததா?

இங்கேதான் நம் மனசாட்சிக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. அப்பா ஏறக்கூடாது என்பது சரி. அவருக்குப் பதிலாக, தெருமுனையில் கிடைத்த ஒருவரை ஐந்நூறு ரூபாய்க்குச் சீட்டு மேல் ஏற்றிவிட்டால் ஆபத்து தீரவில்லை, வேறொரு வீட்டுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை போனில், “பாத்து ஏறுப்பா” என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

தொழிற்சாலையில் உயரத்தில் வேலை செய்பவர் விழாமல் தடுக்கும் ஏற்பாடு செய்வது முதலாளியின் சட்டக் கடமை. வீட்டு வேலைக்கு அப்படிக் கேட்க ஆய்வாளர் யாரும் வருவதில்லை. ஆகவே கேட்க வேண்டியது வேலை கொடுப்பவர்தான். பேரம் பேசும்போது கூலியை மட்டும் பேசாமல், “எத்தனை பேர் வருவீங்க, ஏணி எப்படி, சீட்டு மேல எப்படி நிப்பீங்க?” என்று கேளுங்க. தனியாக வருகிறேன் என்பவரை, எவ்வளவு குறைந்த கூலிக்கு வந்தாலும், ஏற்ற வேண்டாம். மழை தூறினால் வேலையை நாளைக்குத் தள்ளுவதற்கும், வந்ததற்கான கூலியைக் கொடுப்பதற்கும் தயாராக இருங்க. “வந்தது வந்துட்டோம், முடிச்சுட்டே போயிடறேன்” என்ற அவசரத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அன்றைய கூலி பற்றிய கவலை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி: இது யார் வேலை? தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டட அமைப்பு சார்ந்த பழுதும் குழாய் மாற்றுவதும் வீட்டு உரிமையாளர் பக்கம். வடிகால் சுத்தம் வாடகைதாரர் பக்கம். உடைந்த குழாயை மாற்றச் சொல்லி நீங்கள் கேட்கலாம், இலை அள்ள அவரை எதிர்பார்க்க முடியாது என்பதே இதன் சுருக்கம். சீட்டு மேலும் ஏணி மேலும் ஏற வேண்டிய வேலை யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவைப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடும் கதை

இந்தப் பழமொழி பிறந்த ஊரே விருத்தாசலம்தான் என்பார்கள். திருமுதுகுன்றத்தில் கிடைத்த பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். அவருக்குக் கிடைத்தது. நமக்கு? ஐப்பசியில் மாடித் தண்ணியைத் தெருச் சாக்கடையில் விட்டுவிட்டு, சித்திரையில் லாரிக்கு போன் போட்டுத் தேடுகிறோம்.

2003-ல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. நாடே திரும்பிப் பார்த்த நடவடிக்கை அது. ஆனால் கட்டுவதற்கு இருந்த கட்டாயம், பராமரிப்பதற்கு இல்லை. அன்று தோண்டிய குழியில் இன்று ஜல்லியும் மணலும் சேறாகி இறுகிக் கிடக்கும் வீடுகள் ஏராளம். குழாய் சுத்தமாக இருந்தும் குழி அடைத்திருந்தால் தண்ணி திரும்பி வாசலுக்கே வரும். முதல் மழையின் அழுக்குத் தண்ணியைத் தனியே வெளியேற்றிவிட்டு, அதன்பிறகே குழிக்கு விடுவது நல்ல பழக்கம். குழியின் மேல் மணலைச் சில வருஷத்துக்கு ஒருமுறை அள்ளிக் கழுவிப் போடணும்.

சொத்து வரி வாங்க வீட்டு வாசலுக்கு வரும் நகராட்சி, டெங்கு ஆய்வுக்கும் வருகிறது. அந்த ஆய்விலேயே மாடிக் குழாயையும் சேகரிப்புக் குழியையும் சேர்த்துப் பார்ப்பது பெரிய செலவில்லை. அபராதம் போடுவதற்காக இல்லாமல், “உங்க குழி வேலை செய்யுது, உங்களோடது செய்யலை” என்று சொல்லிவிட்டுப் போனாலே பாதி வீடுகள் சரியாகிவிடும்.

மூன்று பண்டிகை, மூன்று முறை

காலண்டரில் தனியாகக் குறித்துவைக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. நம்மிடம் ஏற்கெனவே ஒரு காலண்டர் இருக்கு.

ஆயுத பூஜைக்கு வீட்டைக் கழுவும்போது மாடியையும் குழாயையும் சேருங்க. மழைக்கு முன்பான பெரிய சுத்தம் அது. தீபாவளிக்கு மறுநாள் காலை இன்னொரு முறை. ராக்கெட் குச்சியும் வெடிக் காகிதமும் மாடியில்தான் வந்து விழும், நனைந்த காகிதம் ஜாலியில் பசை போட்டு ஒட்டின மாதிரி ஒட்டிக்கொள்ளும். கார்த்திகை தீபத்துக்குக் கைப்பிடிச் சுவரில் அகல் வைத்து எடுத்தபின் மூன்றாவது முறை. அதற்குள் அந்த வருஷத்து மழையின் பெரும்பகுதி வந்துபோயிருக்கும், எங்கே தண்ணி தேங்கியது என்று தரையிலுள்ள கறையே காட்டிக்கொடுக்கும்.

இந்த மூன்றுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஊருக்கு வருவார்கள். ரயிலில் நின்றுகொண்டே வந்தாலும் வருவார்கள். அப்படி வரும் இரண்டு நாளில் ஒரு மணி நேரத்தை மாடிக்கு ஒதுக்கினால், ஐப்பசி நடுராத்திரியில் அப்பா தனியாக ஏணியைத் தேட வேண்டியிருக்காது. சுத்தம் பண்ண முடியாத இடம் எது என்று சேர்ந்தே பார்த்து, அதற்கு வேலை தெரிந்த ஆளைப் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு வரலாம்.

ஊருக்குக் கிளம்பும் முன் இன்னொரு சின்ன வேலையும் செய்யலாம். அந்தப் பழைய ஏணியைப் பின்கட்டிலிருந்து எடுத்து, பூட்டு உள்ள அறையில் வைத்துவிட்டு வாங்க.